காந்தத்தில் ஒட்டிய செம்புக் கம்பி

புது வீட்டு டிஷ்ஷுக்குக் கேபிள் வாங்க விருதுநகர் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டு கேபிள்களின் நுனியைச் சீவிக் காட்டினார். இரண்டின் நடுக்கம்பியும் செம்பு நிறம். காந்தத்தை வைத்ததும் ஒன்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள இரும்பு அண்ணாச்சி, மேல செம்புப் பூச்சு. விலை கம்மி."



நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா சிவகாசியில் பட்டாசு வேலைக்குப் போனாள். திரி செருக வெடிகளில் துளை குத்துவாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் அங்கே பித்தளை ஊசிதான். அது அடிக்கடி வளைகிறது என்று, எங்கள் தெருவில் கேபிள் இழுத்தவர்கள் போட்டுப்போன துண்டிலிருந்து நடுக்கம்பியை உருவி எடுத்துப் போனாள்.

ஒரு சாயங்காலம் நான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அம்மா என் அருகில் வைத்த அந்தக் கம்பி தாவி அதில் ஒட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார்.

"என்னளா இது?"

"செம்பு ஊசிங்க. ஒரு வாரமா குத்துதேன், வளையவே இல்ல."

அப்பா கம்பியைப் பிடித்து இழுத்தார். காந்தமும் கூடவே வந்தது.

"செம்பு எங்கயாச்சும் காந்தத்துல ஒட்டுமா? இது இரும்புடி. ஒங்கூட எத்தன பேரு உக்காந்திருந்தாக?"

"சரசக்கா, பாத்திமா மதினி, மாரி, அவ வயித்துல..."



"டிவிக்குத்தான அண்ணாச்சி, எதுக்கு இம்புட்டு யோசன?" என்றார் கடைக்காரர்.

முழுச் செம்பு கேட்டேன். அதிலும் இன்னொரு முறை காந்தத்தை வைத்துக் காட்டச் சொன்னேன்.