தண்ணி ஏறுது மார்ஷல்

தொலைக்காட்சியில் கௌபாய் தொடர் ஓடும்போது என் மாமா ஆர்வில் ஸ்பெண்ட்லவ் ஒருநாளும் கதாநாயகனைப் பார்த்ததில்லை. அவர் கண் திரையின் ஓரங்களில்தான் இருக்கும். தூசுக்குள்ளும் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னாலும் சாராயக்கடை வாசலிலும் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டுவார். "அதோ எல்டன். அந்தச் செவலைக் குதிரை பண்டி வீட்டுது. குடை பிடிச்சிருக்கறது நெல்டாவோட தங்கச்சி, அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல." படம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் அது செவலைதான் என்பார். கதையில் யார் யாரைச் சுட்டார்கள், எதற்காகச் சுட்டார்கள் என்று கேட்டால் தெரியாது.

படப்பிடிப்புக்குப் பேர்போன எங்கள் ஊர் கனாபில் அவர் வயதுக்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். படக்காரர்கள் வந்தால் விடியற்காலையில் விடுதி வாசலில் போய் நின்று பெயர் கொடுப்பார்கள். குதிரை இருந்தால் குதிரையோடு, தாடி இருந்தால் தாடியோடு. மாமா கொமாஞ்சிப் பழங்குடி ஆளாக நான்கு முறை செத்திருக்கிறார், படைவீரனாக ஆறு முறை. ஒருநாள் காலையில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு அம்பு விட்டவர், மத்தியானம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அதே அம்பை நெஞ்சில் வாங்கி விழுந்திருக்கிறார். சாயம் போகவில்லை என்று நெல்டா அத்தை மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தாளாம். மற்ற நாட்களில் தீவனப்புல் அறுப்பு, பிறகு முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து. நானும் அந்தப் பேருந்தில் போனவள்தான்.

இதில் ஒருவருக்கும் வாய்க்காத ஒன்று மாமாவுக்கு வாய்த்தது. அவர் பேசினார். 1961இல் 'மார்ஷல் டென்பி' தொடரில், பரையா ஆற்றங்கரையில் எடுத்த ஒரு கதையில், கதாநாயகனான மார்ஷலின் குதிரைக்கு முன்னால் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி ஏறுது மார்ஷல். குதிரை நிக்காது."

ஊரில் இது தெரியாதவர் கிடையாது. மழை பெய்து ஓடையில் வெள்ளம் வந்து பேருந்து நின்றால், பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஒரே குரலில் கத்துவோம்: "தண்ணி ஏறுது மார்ஷல்!" மாமா திரும்பாமல் தொப்பியைத் தொடுவார். ஆனால் முதல் ஒளிபரப்பில் அதைப் பார்த்த ஒருசிலரும் போய்விட்டார்கள்; மாமாவைத் தவிர அந்தக் காட்சியைப் பார்த்தவர் யாரும் மிச்சமில்லை. எத்தனையோ தடவை மறு ஒளிபரப்பு வந்தது. கூடுதல் விளம்பரம் போடுவதற்காக ஒவ்வொரு கதையிலும் மூன்று, நான்கு நிமிடம் வெட்டுவார்கள். வெட்டியதில் மாமா போய்விட்டார். எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகள், கிழவர் அளக்கிறார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

2007இல் தொடர் முழுவதும் டிவிடியில் வந்தது. பெட்டியின் மேல் தங்க எழுத்தில் 'முழுத் தொகுப்பு, வெட்டப்படாதது' என்று போட்டிருந்தது. நான் அந்த வருடம்தான் பட்டம் வாங்கி ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரலாறு படித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தேவாலயச் சபைக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டினார்கள். இரும்புக்கடை டீன் ஆர்ட்டன் படம் காட்டும் கருவி கொண்டுவந்தார். பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் போட்ட தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். மாமா முன்வரிசையில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ஷலின் குதிரை ஆற்றங்கரைக்கு வந்தது. மார்ஷல் தண்ணீரைப் பார்த்தார். மறு நொடி அக்கரையில் குதிரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டை நனையவேயில்லை.

மாமாவும் அவர் வசனமும் வரவேயில்லை. பிறகு டீன் ஆர்ட்டன், "என்ன ஆர்வில், ஆறு வத்திப்போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்கள் ஊர்ச் சிரிப்பு அப்படித்தான். ஆனாலும் நூறு பேர் சிரித்தால் அது நூறு பேர் சிரித்ததுதான். மாமா எழுந்து நின்று, "இருந்துச்சு" என்றார். "இருந்துச்சுய்யா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவேளை உண்மையிலேயே இல்லையோ என்று அந்த நேரத்தில் நினைத்தேன். பிறந்ததிலிருந்து தெரிந்த மனிதர். அவர் சொல்லை நம்ப எனக்குச் சான்று தேவைப்பட்டது. நான்கு வருடப் படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதானா என்று நடந்து வீடு போகும்போது கேட்டுக்கொண்டேன். அந்த வெட்கம்தான் கோபமாக மாறியது என்று இப்போது தோன்றுகிறது.

டிவிடி போட்ட நிறுவனத்துக்கு எழுதினேன். மறு ஒளிபரப்புக்காக வெட்டிய சுருள்களிலிருந்தே பதிவு செய்துவிட்டு, வெட்டப்படாதது என்று எப்படி அச்சடிக்கலாம் என்று கேட்டேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கிடைத்தவற்றில் மிகச் சிறந்த பிரதிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்களாம். என் ஆர்வத்துக்கு நன்றியாம். அடுத்த தொகுப்புக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடிச் சீட்டும் வைத்திருந்தார்கள். ஒரு மனிதனை ஊர் நடுவில் பொய்யனாக்கிவிட்டு, இன்னொரு பெட்டி வாங்கிக்கொள் என்கிறார்கள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மாமா கையை நீட்டி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் போனப்புறம் டீன் சொல்றதுதான் நிக்கும், ஜோலீன். ஆர்வில் நல்லவன், ஆனா அளப்பான்னு."

அதன் பிறகு நான் விடவில்லை. எண்பதுகளில் இந்தத் தொடரை மாதம் இரண்டு கதையாகத் தபாலில் டேப்பாக விற்றிருக்கிறார்கள். அவை வெட்டுவதற்கு முந்தைய பிரதிகள். நெப்ராஸ்காவில் ஒரு விதவை, கணவர் சேர்த்துவைத்த டேப்புகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஒரு கதை மட்டும் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். காசு வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து, பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கிய டேப் கருவியை மாமா வீட்டு டிவியில் பொருத்தினேன். அத்தை, மாமா, நான் மூன்று பேர்தான்.

இருந்தது. இருபத்தேழு வயது மாமா, ஒல்லியாக, காது இரண்டும் தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு. "தண்ணி ஏறுது மார்ஷல். குதிரை நிக்காது." குரல்கூட அவருடையதுதான். அத்தை கைதட்டினாள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். நாளைக்கே சபைக் கூடத்தைத் திறக்கச் சொல்லி டீன் ஆர்ட்டனை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றேன்.

காட்சி முடியவில்லை. மார்ஷல், போய்த்தான் ஆக வேண்டும் என்கிறார். அடுத்து தூரத்திலிருந்து எடுத்த காட்சி. மார்ஷலின் கோட்டைப் போட்டுக்கொண்ட வேறொருவர் குதிரையை ஆற்றில் இறக்குகிறார். நடு ஆற்றில் குதிரை புரள்கிறது. ஆள் அதற்கு அடியில் போகிறார். தொப்பி மட்டும் மிதந்து போகிறது. கேமரா அசையவேயில்லை. பிறகு அக்கரையில் கதாநாயகன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

"நிறுத்து" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பிப் போடு" என்றார். நான்கு தடவை போட்டேன்.

"அது யாரு மாமா?"

"மோரிஸ் டாம்." அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வருஷம் பண்டி வீட்டுல ஒரே ஒரு தடவை இதைப் பார்த்தேன். அன்னிக்கு என் மூஞ்சிய மட்டும்தான் பார்த்தேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். மோரிஸ் டாம் கைபாப் பாயூட் பழங்குடி மனிதர், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசோனாவில் இருந்தவர். குதிரை பழக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்று ஆற்றில் இறங்க வேண்டியவர் மாமாதான், அதற்குத்தான் அவரைக் கூட்டிப்போயிருந்தார்கள். வசனம் பேச வேண்டிய நடிகருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. யாருக்குப் பேச வரும் என்று இயக்குநர் கேட்டார். மாமா கையைத் தூக்கினார். மாமா பேசப் போனதால் குதிரை பிடித்துக்கொண்டிருந்த மோரிஸிடம் கோட்டைக் கொடுத்தார்கள். மோரிஸ் தண்ணீரைப் பார்த்துவிட்டு மாமாவிடம் வந்து சொன்னார்: தண்ணி ஏறுது, குதிரை நிக்காது. மேலே போய்ச் சொல்லு, நான் சொன்னா கேக்க மாட்டாங்க.

மாமா சொல்லவில்லை. கேமரா ஓட ஆரம்பித்ததும் எழுதிக் கொடுத்த வசனம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது மோரிஸ் சொன்னது. இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு மோரிஸைப் போகச் சொன்னார்.

மோரிஸின் இடுப்பு எலும்பு உடைந்தது. அவர் மறுபடி குதிரை ஏறவில்லை. தன் விருப்பத்தில் இறங்கினார், ஆபத்து என்று யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை என்று கம்பெனி எழுதி அனுப்பியது. மோரிஸின் மனைவி ஒரு வக்கீலைப் பிடித்துக் காகிதம் தயாரித்துக்கொண்டு வந்தாள். மோரிஸ் முன்கூட்டியே எச்சரித்தார், எச்சரித்தும் அனுப்பினார்கள், நான் பக்கத்தில் இருந்தேன் என்று மாமா கையெழுத்துப் போட வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கேட்டவர் மாமா ஒருவர்தான்.

"அடுத்த வாரம் போட்டுத் தரேன்னு வாங்கி வச்சேன்" என்றார் மாமா.

"ஏன் போடல?"

"இன்னும் மூணு கதையில வேஷம் தரோம்னு சொல்லியிருந்தாங்க."

"குடுத்தாங்களா?"

"ரெண்டு. ரெண்டுலயும் செத்துட்டேன்."

நெல்டா அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நாற்பத்தாறு வருடம் அவளுக்கும் தெரியாது.

அன்று நான் பேசியதை எழுத எனக்கு விருப்பமில்லை. அத்தனை வாரம் டிவிடிக்காரர்கள் மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் அப்படியே திரும்பி அவர் மேல் விழுந்தது. சோப்பு விளம்பரத்துக்காகப் படத்தை வெட்டியவர்களுக்கு மோரிஸ் டாம் யார் என்று தெரியாது. இவருக்குத் தெரியும். ஓரத்தில் நின்ற குதிரைக்குக்கூடப் பெயர் சொல்லும் மனிதர், இந்தப் பெயரை வீட்டில் ஒருநாளும் உச்சரிக்கவில்லை. அந்த மனிதர் சொன்ன வார்த்தையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தொப்பியைத் தொட்டிருக்கிறார்.

அவர் மறுக்கவில்லை. காகிதம் துணி அலமாரியில் இருக்கிறது என்றார். மோரிஸ் 1988இல் போய்விட்டார், மனைவியும் இல்லை. மகள் ஐலீன் ஃப்ரெடோனியாவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். கனாபிலிருந்து ஏழு மைல்.

"கையெழுத்துப் போட்டு அவங்ககிட்ட நேர்ல குடுங்க" என்றேன்.

"இப்பக் குடுத்து என்ன ஆகப்போகுது?"

"அதை அவங்க சொல்லட்டும்."

"வர்ற வாரம் போலாம்" என்றார்.

வந்த வாரம் முழங்கால் வலி. அதற்கடுத்த வாரம் நன்றித் திருநாள். பிறகு பனி, பிறகு கிறிஸ்துமஸ். சபைக் கூடத்தில் டேப் போடலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது விழுந்தார். ஃப்ரெடோனியாவிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டிவந்தது ஐலீன் இல்லை, வேறு யாரோ.

அடக்கத்தன்று சபையில் டீன் ஆர்ட்டன் பேசினார். நல்ல மனிதர்தான், கண் கலங்கித்தான் பேசினார். ஆர்வில் அளந்தானோ இல்லையோ, அந்த வசனத்தை அவனைப் போல யாரும் சொல்ல முடியாது என்றார். பிறகு கையை உயர்த்தினார். சபை முழுக்க, குழந்தைகள் உட்பட, ஒரே குரலில் சொன்னது: "தண்ணி ஏறுது மார்ஷல். குதிரை நிக்காது." அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்து, அது அவர் வார்த்தை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மாமா சொன்ன 'அடுத்த வாரம்' என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டேப்பையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஃப்ரெடோனியா போனேன். ஐலீன் டாம் ஐம்பதைத் தாண்டியவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். யார் என்று சொன்னேன். ஆர்வில் போனது தெரியும் என்றார். டேப் கருவியைக் காரில் வைத்திருந்தேன். அவர் வீட்டு டிவியில் போட்டேன். ஆற்றங்கரைக் காட்சியை நின்றுகொண்டே பார்த்தார். அவருடைய அப்பா குதிரை மேல் இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். திரும்பப் போடச் சொல்லவில்லை.

காகிதத்தை நீட்டினேன். மடிப்பில் பழுப்பேறியிருந்தது. ஐலீன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"போடலயா?"

"இல்ல."

"எங்கம்மா மூணு தடவை அவர் வீட்டுக்கு நடந்து போனாங்க. தெரியுமா?"

தெரியாது என்றேன். மூன்று தடவை என்று மாமா சொல்லவில்லை. வேண்டுமானால் நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல."

"அப்ப நீ என்னத்தப் போடுவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "டேப்பு இருக்கட்டும். இதை எடுத்துட்டுப் போ."

சாட்சியின் பெயர் எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருக்கும் அந்தக் காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது.