இரண்டு புள்ளிக்குப் போன அக்கா

என் தம்பியை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிமிஷம் என்பார்கள். எந்த பஸ் எப்போது கிளம்பி எப்போது சேர வேண்டும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை. டிரைவர் டீ குடிக்க நான்கு நிமிஷம், ஒன்றுக்குப் போக ஒன்றரை நிமிஷம் என்று எழுதிச் சுவரில் ஒட்டியவன். ஒருமுறை, எப்போதும் தாமதமாக வரும் ஒரு பஸ்ஸைச் சொன்ன நேரத்துக்கு வரவைத்துக் காட்டினான். எப்படி என்று மேலதிகாரி தோண்டிப் பார்த்தால், கூட்டம் அதிகம் ஏறுகிற இரண்டு நிறுத்தங்களை அட்டவணையிலிருந்தே அடித்துவிட்டிருக்கிறான்! "ஆளுங்க ஏறுறதாலதானே சார் லேட் ஆகுது" என்று விளக்கம் வேறு. டிரைவர்கள் அவனைத் திட்டாத நாள் கிடையாது.

தனியாக இருக்கிறான். வாரம் முழுக்க யாரோடும் நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அவன் வாய்விட்டுப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் சலவைக் கடையில் மட்டும்தான். அன்றைக்குக் கடை லீவு. துணி தேய்க்கிற பெரிய மேஜையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்காருவோம். தலைக்கு மேலே டோக்கன் குத்திய கோட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். ஆளுக்கொரு வீரனைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கதையை நடத்துவது நான். எதிரி, பேய், மழை, பாலம் எல்லாம் நான்தான். வீரன் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். எங்களோடு ஆடும் நர்ஸ், தன் வீராங்கனைக்கு என்ன தொப்பி என்று யோசிக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நிஜத்தில் பூனையைக் கண்டாலே ஒதுங்குகிறவர். அவருடைய வீரன் கரடிகளோடு குடும்ப விஷயம் பேசுவான். என் தம்பி கொண்டுவந்த தாளில் பெயரே இல்லை.

"உன் வீரனுக்குப் பேர் என்னடா?"

"பேருக்குப் புள்ளி கிடையாதுக்கா."

விதிப்புத்தகத்தில் ஒரு வழி இருக்கிறது. வீரனுக்கு ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் அதற்குப் பதிலாகப் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியை வேறு திறமையில் போட்டுக்கொள்ளலாம். மனுஷனாகப் பிறந்தவன் ஒன்றோ இரண்டோ எடுப்பான். இவன் முப்பத்தொரு குறை எடுத்திருந்தான். நடக்க முடியாது, ஐந்து புள்ளி. வெயில் ஆகாது, நான்கு. பொய் சொல்ல வராது, நான்கு. நாயைக் கண்டால் பயம், மூன்று. வந்த புள்ளி மொத்தத்தையும் 'அடி' என்ற ஒரே திறமையில் கொட்டிவிட்டான். அவன் வீரன் ஓங்கி ஒன்று விட்டால் மலை விழும். ஆனால் அந்த மலை கையெட்டும் தூரத்துக்கு நடந்து வரவேண்டும்.

என்ன செய்வது? மற்ற இருவரின் வீரர்களும் அவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் குடை பிடித்துத் தள்ளினார்கள். வழியில் ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டால் மலையைச் சாய்க்கிறவன் வண்டிக்குள் சுருண்டுகொள்வான். மூன்று மாதம் இதே கூத்து.

"அக்கா, டியூட்டியிலயும் ஸ்ட்ரெச்சர் தள்றேன், இங்கயும் தள்ளணுமா?" என்று நர்ஸ் ஒருநாள் பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் உங்க ஆள் செத்தான்னா, புது ஆள் வேண்டாம். நீங்களும் வர வேண்டாம்."

"சரி" என்றான். அவ்வளவுதான். ஞாயிறும் போய்விட்டால் இவனுக்கு நான்கு சுவர்தான் மிச்சம். எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும், கையெட்டும் தூரத்தில் ஒரு ராட்சசனை நிறுத்தி இவனை அடிக்கவிடலாம் என்று முடிவுசெய்து, அவன் தாளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன்.

இருபத்து மூன்றாவது குறை: கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு புள்ளி.

எனக்கு வந்ததே கோபம்! உடனே போனைப் போட்டேன்.

"நாய்க்கு மூணு, எனக்கு ரெண்டாடா?"

"புத்தகத்துல அவ்வளவுதான்க்கா போட்டிருக்கு."

ராட்சசனைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அந்த இடத்தில், பனி கொட்டுகிற ஒரு பாலத்தின் மேல் ஒரு கதவையும் ஒரு காவல்காரியையும் வைத்தேன். தன்னுடைய உறவுக்காரர் ஒருவரைப் பற்றி மனசிலிருந்து பேசுகிறவருக்கு மட்டும் அவள் கதவு திறப்பாள். பேச முடியாதவன் மூன்று சுற்றில் விறைத்துச் சாவான். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஞாயிறு வந்தது. நர்ஸின் வீராங்கனை அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கடைக்காரர் தன் வீரனை வளர்த்த கரடியின் மச்சானைப் பற்றிக் கால் மணி நேரம் உருகினார். அடுத்தது இவன்.

"கதவை அடிக்கிறேன்."

"அடிச்சா பாலமும் சேர்ந்து போயிடும்" என்றேன். முதல் சுற்று முடிந்தது.

"யாராச்சும் ஒரு சித்தப்பா இருந்தார்னு சும்மா அடிச்சு விடு நிமிஷம்" என்று நர்ஸ் கிசுகிசுத்தாள்.

"பொய் சொல்ல வராதே. வித்துட்டேன்."

இரண்டாவது சுற்றும் போனது. கொஞ்சம் ஓவராகத்தான் போய்விட்டேன், ஆனால் வீம்பு விடவில்லை.

அவன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். ஏற்றுக்கொண்ட குறையை, அதற்குக் கிடைத்த புள்ளியைப் பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்து நீக்கிக்கொள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதை இதுவரை எந்தப் பைத்தியக்காரனும் செய்ததில்லை. அவன் ரப்பரை எடுத்து 'அடி'யிலிருந்து இருபது புள்ளியை அழித்தான். இருபத்து மூன்றாவது வரியை அடித்துவிட்டு, 'அக்கா ஒருத்தி இருக்கிறாள்' என்று எழுதினான்.

"அவளைப் பத்திச் சொல்லு" என்றேன், காவல்காரி குரலில்.

"அவளோட குறைக்கும் புள்ளி உண்டா?"

அடப்பாவி! "உண்டு. ஒண்ணுக்கு அஞ்சுக்கு மேல கிடையாது" என்று பல்லைக் கடித்தேன்.

"முன்கோபம். அஞ்சு."

"நியாயம்தான்" என்றாள் நர்ஸ்.

"சொன்னதையே மூணு தடவை சொல்லுவா, ரெண்டு. லேட்டா வந்துட்டு பஸ்ஸைத் திட்டுவா, மூணு." எல்லாரும் சிரித்தார்கள். பகடையை அவன் மேல் எறியலாமா என்று பார்த்தேன்.

"தொழில்ல நேர்மை கிடையாது" என்றான் தம்பி.

"என்னடா சொன்னே?"

"டிப்போ டிரைவர்ங்க யூனிஃபார்ம் எல்லாம் அவ கடைக்குத்தான் வருது. எட்டு பேருக்கு மட்டும் கழுத்துல சிவப்பு சிவப்பா தடிப்பு. எட்டு பேரும் என்னை ரொம்பத் திட்டினவங்க. தேதி போட்டுப் பார்த்தேன். யார் திட்டினதா இங்க வந்து சொல்றேனோ, அந்த வாரம் அவங்க காலருக்கு மட்டும் ரெண்டு மடங்கு கஞ்சி."

இதை நான் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்து வருஷமாக மூச்சு விடாமல் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கடைக்காரர் தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது என்று கையால் சைகை காட்டினேன். நர்ஸின் வீராங்கனை திரும்பி வந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரம் வாங்க தம்பி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

தம்பி பென்சிலோடு காத்திருந்தான். "கஞ்சிக்கு எத்தனைக்கா?"

"அஞ்சு."

"அது அஞ்சுல அடங்காதுக்கா. ஒன்பது போடு."

விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒன்பது போட்டேன்.