அப்பா கம்ப்யூட்டர் வாங்கிய நேரம்

சிவகாசியில் அப்பாவுக்கு அட்டை வியாபாரம். பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் நோட்டுகளின் மேலட்டைக்கும் வேண்டிய சரக்கை மில்லிலிருந்து மொத்தமாக இறக்கி அச்சாபீஸ்களுக்கு விற்பார். அந்த வியாபாரத்தில் சூட்சுமம் என்று ஒன்றுதான் உண்டு. எல்லோரும் கேட்கும்போது வாங்கக் கூடாது. காலண்டர் சீசன் முடிந்து, அச்சாபீஸ்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் மாசி மாதத்தில், விலை இறங்கிக் கிடக்கும்போது வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கிவிட வேண்டும். சீசன் விலைக்கு ஒரு ரீம்கூட எடுத்ததில்லை என்பதில் அப்பாவுக்கு அசாத்தியப் பெருமை. இதே சூட்சுமத்தை மிளகாய் வற்றலுக்கும், மின்விசிறிக்கும், எங்கள் துணிமணிக்கும் அவர் பயன்படுத்தினார். தீபாவளிச் சட்டையை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுவார். அதற்குள் வளர்ந்துவிடுவேன் என்று ஓர் அளவு பெரிதாகவே எடுப்பார். நான் அவர் கணக்குக்கு வளர்ந்ததே இல்லை.

கம்ப்யூட்டர் ஆசை முதலில் அக்காவுக்குத்தான் வந்தது. திருத்தங்கலில் சித்தப்பா அச்சாபீஸ் வைத்திருந்தார். பட்டாசு லேபிள் டிசைன் பண்ணுவதற்காக அங்கே ஓர் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபரேட்டர் வரமாட்டார். அக்காவும் நானும் பஸ் பிடித்துப் போய், அதில் கார் ரேஸ் விளையாடுவோம். லேபிள் போடுவதற்கு வாங்கிய மெஷின் ஆகையால் கார் திக்கித் திக்கித்தான் ஓடும். அதிலேயே அக்கா பிரமாதமாக ஓட்டுவாள். வளைவில் நான் பயந்து வேகத்தைக் குறைப்பேன். அவள் குறைக்கவே மாட்டாள். "நீ என்னலே, பின்னால வர்றவுகளுக்கெல்லாம் வழி விட்டுட்டே போறே" என்பாள். வீட்டில் குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்குகிறவள் அந்த நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்தால் வேறு யாரோ என்று தோன்றும். சீசன் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமையும் லேபிள் வேலை வந்துவிடும், எங்களுக்கு இடமில்லை. எனக்காவது பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே அவள் போக முடியாது. அங்கே மட்டுமில்லை, பி.காம் முடித்து வீட்டில் இருந்த பெண் சொந்தக்காரர்கள் இடம் தவிர வேறெங்குமே போக முடியாது.

எனவே வீட்டுக்கே ஒன்று வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டோம். கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்கினால் விலை அதிகம், பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டால் குறைந்த விலையில் கேம் ஓடுகிற மாதிரியே அமையும் என்று நான் விளக்கினேன். அப்பாவுக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. என்னை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே கடைக்காரரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இதன் விலை ஆறு மாதம் கழித்து என்னவாக இருக்கும் என்பது. கடைக்காரர் நேர்மையானவர், குறையும் என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மையில்தான் எங்கள் காரியம் கெட்டது.

அதற்குப் பிறகு அப்பா மாதாமாதம் அந்தக் கடைக்கு போன் போட்டு, அட்டை விலை கேட்பது போலவே விலை கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் முகம் மலர்ந்துபோகும். வாங்காமலேயே லாபம் பார்த்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மாசி வந்ததும் மறுபடி மதுரைக்குப் போய், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, கேபினெட்டையும் கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் மட்டும் அடித்துப் பேசி வாங்கிவந்தார். மதர்போர்டும் பிராசஸரும் இன்னும் இறங்கும் என்று கடைக்காரரே சொன்னாராம். வாங்கியதைப் பிரிக்க விடவில்லை. கிட்டங்கியில் அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். அக்கா ஒருநாள் கிட்டங்கிக்கு வந்து அந்தக் கிராபிக்ஸ் கார்டு டப்பாவின் மேலிருந்த படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ரகம் இல்லை. ஆனால் இதைக் கேட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரசம் ஊற்றியபடியே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கிருவீகளாப்பா?"

"அடுத்த மாசம் இன்னும் இறங்கும் பாப்பா. வாங்காம எங்க போகுது?" என்றார் அப்பா.

கம்ப்யூட்டர் எங்கும் போகவில்லைதான். ஆவணியில் அக்காதான் போனாள். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் பண்ணுகிற பெரிய குடும்பம். ஐந்தாறு அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். கார் ஏறும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவள், கம்ப்யூட்டர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீடு வந்ததும் அவர் நேராகக் கிட்டங்கிக்குப் போய்விட்டார்.

தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவதற்குச் சில நாள் இருந்தபோது, அப்பா திடீரென்று அந்தப் பாகங்களை ஓர் அட்டைப் பெட்டியில் கட்டச் சொன்னார். மதுரையில் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. எந்தப் பொருளையும் எந்த மனிதனும் வாங்கக் கூடாத வாரம் ஒன்று உண்டென்றால் அதுதான் என்று அப்பாவே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். கடைக்காரர் எங்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். இப்போது வருகிற மதர்போர்டுகளில் இந்தக் கார்டைச் செருகும் இடமே கிடையாது, ரேமும் பழைய வகை என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் அறிந்த வரையில் சரக்கு என்றால் நனையும், கறையான் அரிக்கும், பழுப்பேறும். உறைகூடப் பிரிக்காத பொருள் எப்படி வீணாகும் என்று கேட்டார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பொருத்துறதுக்குத்தான் எடமில்ல" என்றார் கடைக்காரர்.

அப்பா கொஞ்ச நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் புதிதாகவே போடச் சொன்னார். விலை பேசவில்லை. அவர் விலை பேசாமல் ஒன்றை வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு என்னவோ போல இருந்தது.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியலும் பலகாரமும் முடிந்ததும், நடுஅறையில் புது மேஜைமேல் கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். கார் திக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். ஆனால் தலைதீபாவளி என்றால் வீட்டில் எதுவும் மாப்பிள்ளைக்குத்தான் முதலில். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை. காரைச் சுவரில் மோதினார், சிரித்தார், மறுபடி மோதினார். அவர் மோதியபோதெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்ற அக்காவின் கைவிரல் மட்டும் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். "நல்லா ஓட்டுறீக" என்றாள்.

அப்பா இதை முன்கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து உள்ளே போனார், வந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அத்தான் முன்னால் நின்றார்.

"மாப்ள, நம்ம கிட்டங்கிய நீங்க பாத்ததில்லையே. ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?"

தீபாவளியன்று சிவகாசியில் கிட்டங்கியைத் திறக்கிற பைத்தியக்காரன் கிடையாது. அம்மா இலை போடும் நேரமாயிற்று என்றாள். அப்பா கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மாப்பிள்ளை, மறுக்க முடியாமல் பட்டு வேட்டியோடு ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். கிளம்பும்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் விஷயம் முழுவதும் இருந்தது. நான் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டேன்.

அக்கா உட்காரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்தாள்.

"அந்த வீட்ல பகல்ல படுக்கிற பழக்கம் இல்லலே" என்றாள். "நீயே ஓட்டு. சத்தத்தக் கூட்டி வையி. அப்பா கேட்டா நான்தான் ஓட்டுனேன்னு சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. தலையில் வைத்த பூ நசுங்குவதைக்கூடப் பார்க்காமல் தூங்கினாள். நான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் சரவெடி வெடித்தது. அதற்கும் அவள் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அத்தான்மேல் என்றும் சொல்ல முடியாது, அப்பாமேல் என்றும் சொல்ல முடியாது. அதனால் வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டி ஓட்டி மோதினேன்.

தெருமுனையிலேயே அப்பா ஸ்கூட்டர் ஹாரனை நீட்டி அடிக்கத் தொடங்கிவிட்டார். அக்கா சட்டென்று எழுந்தாள், பாயைச் சுருட்டினாள், முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தான் அட்டைத்தூசி படிந்த பட்டு வேட்டியோடு சாப்பிட உட்கார்ந்தார். அப்பா கை கழுவுகிற சாக்கில் என்னிடம் வந்தார்.

"ஓட்டுனாளா?"

"ஓட்டுனா."

"நல்லா?"

"யாரையும் முந்த விடலப்பா."

அப்பா துண்டால் கையை மெதுவாகத் துடைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்பச் சரி. நேரத்துலதான் வாங்கியிருக்கோம்" என்றார்.