மகள் பேசாதிருந்த குளிர்காலம்

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வகம் ஒன்றில் என் மனைவிக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த நான் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மகளுக்கு அப்போது நாலரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அது நான்தான் என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். ஊரில் யாருக்கும் அது எளிதில் பிடிபடவில்லை. போய்ச் சேர்ந்த வாரமே அண்ணன் போனில் கேட்டான்.

“ஏலே, அவ வேலைக்குப் போறா. நீ அங்க சோறு பொங்கியா இருக்க?”

“சோறும் பொங்குதேன், துணியும் துவைக்கேன்” என்றேன்.

பிறகு, “மீனு கிட்டுமா அங்க?” என்றான்.

மீன் கிடைத்தது, தலையும் முள்ளும் இல்லாமல். புளி கரைத்து, தேங்காய் அரைத்து நான் வைத்த குழம்பு முதல் மாதம் வாயில் வைக்க முடியாமல் இருந்தது. மனைவி எப்படியோ சாப்பிட்டு முடித்தாள். மகள்தான் தட்டைத் தள்ளி வைத்தாள்.

காலையில் அவளைக் கிளப்புவதே பெரிய வேலை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டைகள், காலுறை, கையுறை, குல்லா, பூட்ஸ் எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒண்ணுக்கு வருகிறது என்பாள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் மாட்டி, டிராமில் நான்கு நிறுத்தம் போனால் பாலர் பள்ளி. அங்கே கோட்டு மாட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி உண்டு, மேலே ஒரு படம். அவளுடையது முள்ளம்பன்றி. கோட்டை அதில் மாட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் ஆசிரியை என்னை நிறுத்தி, கைபேசியில் பேசி, தமிழில் மாற்றிக் காட்டினார். மகள் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள், சொன்னதைச் செய்கிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை.

எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் அவள் வாய் ஓயாது. மருத்துவரிடம் காட்டினோம். காதில் குறை ஒன்றும் இல்லை, பொறுத்திருங்கள் என்றார். அதன்பின் தினமும் மாலையில் மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். இல்லை என்று அர்த்தம்.

உண்மையில் நானும் அங்கே ஊமையாகத்தான் இருந்தேன். வணக்கம், நன்றி, மன்னியுங்கள் என்று நாலைந்து வார்த்தைகள். ரொட்டிக் கடையில் விரலால் காட்டி வாங்கினேன். வாத்தியாராக இருபது வருடம் தொண்டை கிழியப் பேசியவன், பகல் முழுக்க யாரோடும் பேசாமல் கழித்தேன்.

பிப்ரவரியில் ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். ஒரு நாள் காலையில் வந்து, உங்கள் ஊர்ச் சாப்பாடு ஏதாவது பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள் என்றார். அவல் நனைத்து, தேங்காயும் சர்க்கரையும் போட்டுக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். வியட்நாம்காரர் கடையில் இரண்டு தேங்காய் வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுபோன துருவியையும் பையில் எடுத்து வைத்தேன். மேசை விளிம்பில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுகிற துருவி அது.

பத்துப் பதினைந்து பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். வாசல்படியில் தேங்காயை ஓங்கித் தட்டினேன். தண்ணீர் தெறித்ததும் ஒரே கூச்சல். ஒரு முறியைத் துருவியில் வைத்துச் சுற்றத் தொடங்கினேன். வெள்ளைப்பூ விழுவதைப் பார்த்ததும் ஒரு பையன் பல்லுப் பல்லாக இருந்த சக்கரத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

“ஏலே, கை வைக்காத! முறிஞ்சு ரத்தம் வரும்!”

என் மகள்தான். அவன் திகைத்து நின்றான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, கோபம் தணியாமல் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கைபேசியில் தமிழாக்கிக் காட்டினார். தொடாதே, பல் கூர்மையாக இருக்கிறது, ரத்தம் வரும், எங்கப்பா மட்டும்தான் சுற்றுவார் என்று சொன்னாளாம். ஒரு பிழையில்லாமல் சொன்னாளாம்.

திரும்பி வரும்போது டிராமில் மகளிடம் கேட்டேன். “மக்களே, இவ்வளவு நாளும் உனக்கு அவங்க பேச்சு தெரியுமா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் பேசல்ல?”

சன்னலில் படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, “ஒண்ணும் சொல்லணும்னு தோணல்லப்பா” என்றாள்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். “உள்ளதா சொல்லுதியளா?” என்று இரண்டு தடவை கேட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தன் வேலைக்காகப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து கெடுத்துவிட்டோமோ என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சமையலறைக்குப் போய் அவளுக்குத் தேயிலை போட்டுக் கொண்டுவந்தேன். மகள் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, “எதுக்கு அழுதீய?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வசந்தம் வந்தபோது பேச்சை நிறுத்தச் சொல்லி ஆசிரியை அவளைக் கண்டிக்க வேண்டியிருந்தது. நானும் அருகில் ஒரு மொழி வகுப்பில் சேர்ந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தேன்.

ஊர் திரும்பி மூன்று வருடமாகிறது. ஜெர்மன் அவளைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எண்கள் மட்டும் மிச்சம். ஸ்கிப்பிங் ஆடும்போது அதில்தான் எண்ணுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருபதுவரை அப்படியே எண்ணுகிறார்கள்.