எங்கள் வீட்டுத் தைராய்டு

குரோம்பேட்டை டாக்டரிடம் மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்கிவந்த அன்றே என் கணவர் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார். யார் கேட்டாலும் தைராய்டு. எங்கள் காலனியில் தைராய்டு கௌரவமான நோய். பாதிப் பெண்களுக்கு இருக்கிறது, கோயில் வாசலில் நின்றுகூடப் பேசலாம்.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மருந்துகளில் சில தூக்கத்தைக் கெடுக்கும், அவற்றைக் காலையில் போடுவார்கள். இது தூக்கத்தைக் கொண்டுவரும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் விடியுமுன்பே விழித்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் தூங்க ஆரம்பித்தேன். வாய் உலர்ந்தது, கண்டபடி கனவு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். நான் பாடம் எடுக்கும் பள்ளியில் பிள்ளைகளின் முகங்கள் மறுபடி தனித்தனியாகத் தெரிந்தன.

அப்போதுதான் மாமியார் எங்களோடு தங்க வந்தார். அவருக்கு நிஜமாகவே தைராய்டு. வந்த மறுநாள் காலை, காபிக்கு முன்னால், தண்ணீர்ச் செம்போடு வந்து என் மாத்திரையையும் எடுத்துவரச் சொன்னார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போட வேண்டும்! கணவர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். விழுங்கினேன். அம்மா கிளம்பும்வரை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்று பிறகு சமையலறையில் வந்து முணுமுணுத்தார். அட்ஜஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் குமட்டுகிறது.

தினமும் இதே கூத்து. நான் விழுங்கும்வரை மாமியார் எதிரிலேயே நிற்பார். பள்ளிக்குப் போகும் பம்மல் ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத பெண்மணியின் தோளில் எச்சில் வடித்துத் தூங்கினேன். ராத்திரியோ பொட்டுத் தூக்கமில்லை. பழைய பாரம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் ஏழாம் வகுப்பில் மேஜைமேல் கவிழ்ந்து தூங்கிப்போனேன். தலைமையாசிரியை தட்டி எழுப்பினார். இன்னொரு முறை நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுக் கணவரை வரவழைத்தார். அவரும் வந்து, கொஞ்சமும் கூசாமல், தைராய்டு ஏறிவிட்டது என்றார். என் வேலையே போகப்போகிறது, இந்த மனிதர் வாயில் அப்போதும் தைராய்டு! அவர் பக்கத்தில் உட்காரவே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை மாமியார் முன்னால் போட்டேன். இது மனச்சோர்வுக்கு, ராத்திரி போட வேண்டியது என்றேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"தெரியும்மா. உன் மாமனாரும் இதேதான் போட்டுக்கிட்டிருந்தார். ஷுகர்னு சொல்லி வெச்சிருந்தோம்."

"தெரிஞ்சுமா அத்தை தினமும் காலையில போட வெச்சீங்க?"

"அவன் தைராய்டுன்னு சொல்லிட்டான். பெத்த புள்ளைய நானே பொய்யன்னு காட்டிக் குடுக்க முடியுமா?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கணவர்தான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பாவுக்கு இருந்தது ஷுகர் இல்லை என்பது அவருக்கே அன்றுதான் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி, அப்பாவுக்கு ஷுகர் என்று அவர் கையிலிருந்த லட்டைப் பிடுங்கிவைத்த பிள்ளை அவர்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் முன்னாலும் மாத்திரையைக் கையில் எடுத்தேன். கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த டம்ளரை வாங்க எனக்கு மனசு வரவில்லை. நானே போய் வேறு தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.