பூசை அலமாரிக்குப் பின்சுவரில் ஒரு கட்டம்

மருமகள் தன் அறைச் சுவரில் அந்தத் தாளை ஒட்டியதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கட்டம் கட்டமாகக் கோடு. கட்டத்துக்குள் ஐ, ஜே, கே என்று ஆங்கில எழுத்து. சிலவற்றுக்கு முன்னால் கழித்தல் குறி. சுவரின் இந்தப் பக்கம் என் பூசை அலமாரி.

நான் திருப்போரூரில் பிறந்தவள். எங்கள் முருகன் கோயிலில் யந்திரச் சக்கரத்துக்கும் பூசை உண்டு. கட்டமும் எழுத்தும் சேர்ந்தால் அது வெறும் காகிதம் இல்லை என்றே வளர்ந்தேன். அந்தச் சமயம் பார்த்து என் ஒரே பிள்ளை நாவலூர் பக்கம் தனிக்குடித்தனம் போக வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தான். என்னிடம் சொல்லவில்லை, புரோக்கரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? என் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போக வைத்த வசியக் கட்டம் என்றே நினைத்தேன். அவள் புதுப்பட்டினத்துப் பெண், கல்லூரியில் கணக்கு ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சியோ.

தாளைப் போனில் படம் எடுத்து, கோயில் பக்கத்தில் மந்திரத் தகடு எழுதுகிறவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்ம ஐட்டமே இல்லம்மா. யாரோ படிக்கிற புள்ள எழுதிகீது," என்றார். இவரே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் ஒப்புக்கொள்வாரா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, தாளின் நாலு மூலையிலும் திருநீறு தடவினேன்.

மாலையில் அவள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து ஏன் என்று கேட்டாள். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அது பெருக்கல் வாய்ப்பாடு என்றாள். நாலு பாகம் சேர்ந்தது ஒரு எண்ணாம், குவாட்டர்னியன் என்று பெயராம். ஐயை ஜேயால் பெருக்கினால் கே வருமாம். ஜேயை ஐயால் பெருக்கினால் அதே கே கழித்தல் குறியோடு வருமாம்.

"மூணை நாலால பெருக்குனா இன்னா, நாலை மூணால பெருக்குனா இன்னா, பன்னெண்டுதானே? யாருகிட்ட கதை வுடற?"

அவள் கற்பூர டப்பாவை எடுத்து, அதிலிருந்த சாமி படம் தன்னைப் பார்க்கும்படி வைத்தாள். பின்பக்கம் சாய்த்து, பிறகு வலப்பக்கம் திருப்பினாள். படம் மேலே பார்த்தது. மறுபடி முன்போல வைத்து, முதலில் வலப்பக்கம் திருப்பி, பிறகு பின்பக்கம் சாய்த்தாள். படம் வலப்பக்கம் பார்த்தது. இப்படித் திருப்புவதைக் கணக்குப் போடத்தான் இந்த எண்கள் என்றாள்.

கைவித்தையாக இருக்கும் என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போய், பூசை அலமாரி முன்னால் நானே செய்து பார்த்தேன். அப்படியேதான் வந்தது. முருகன் முன்னால் பொய் வராது.

கணக்கு சரி. "அப்போ நாவலூர் வூடு?" என்றேன்.

"அது உங்க புள்ள பாக்கறாரு அத்தை. நான் வேணாம்னுதான் சொல்லிகினு இருக்கேன். வூட்டுக்குள்ள வந்தா நீங்க கேள்வி மேல கேள்வியா கேக்கறீங்களாம். அவருக்கு பேஜாரா கீதாம்."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மகன் வந்ததும் வாசலிலேயே மடக்கிக் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "சொல்லிட்டியா?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று முணுமுணுத்தான்.

தாள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். அவனுக்கு இலை போட்டு, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு கேள்வியும் கேட்காமல் பரிமாறினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.