சித்தி பாதியில் எழுந்து வந்த படம்

என் சித்தி ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரே காரணம், அவருக்கு எல்லாப் படமும் பிடித்திருந்தது என்பதுதான். நல்ல மனிதர். சென்னையில் வேலை, வாடகைக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று சித்தி எந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலும் சூப்பர் என்றாராம். சந்தேகம் வந்து, அவர் சூப்பர் என்ற ஒரு படத்தையே சித்தி திட்டிப் பார்த்திருக்கிறாள். ஆமாங்க, கொஞ்சம் சுமார்தான் என்று அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். அவர்கள் போனதும் சித்தி அம்மாவிடம் வந்து, இந்த ஆளோடு என்னத்தைப் பேசுவது என்று கேட்டாள்.

தாத்தாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "சினிமா பாக்கறதுக்கா கல்யாணம் பண்ணிக்கினு போற?" என்று வாசலில் நின்று கத்தினார். தெருவே கேட்டது. இன்னும் ஒரே ஓர் இடம் பார்ப்பேன், அதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். சித்திக்குக் கல்யாணமே வேண்டாம் என்றெல்லாம் இல்லை. அன்று ராத்திரி அவள் அழுததை நான் பார்த்தேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டாமாக்கா என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழுதாள். நான்தான் இருக்கிறேனே, என்னோடு பேசினால் ஆகாதா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஏனென்றால் சித்தியின் பேச்சுத் துணை அதுவரை நான்தான். திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் வீடு. சித்திக்கு விழுப்புரத்தில் ஒரு லேபில் வேலை. காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் போவாள், சாயங்காலம் வருவாள். அந்தப் பெட்டியில் சினிமாவைத் தவிர வேறு பேச்சே கிடையாது. யார் எந்தப் படம் பார்த்தாலும் மறுநாள் காலை அங்கே தீர்ப்பு ஆகிவிடும். தியேட்டரில் பார்க்கலாம், டிவியில் போட்டால் பார்க்கலாம், டிவியில் போட்டாலும் சேனலை மாற்றிவிடலாம் என்று அவர்களுக்குள் தராதரம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போவேன். பள்ளியில் எனக்குப் பிடிபடாத பாடங்கள் பல உண்டு, அந்தப் பெட்டியில் பிடிபடாதது எதுவும் இல்லை.

படத்துக்குப் போனால் சித்திக்கு ஒரு சட்டம் இருந்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்பு ஜூஸ் கடை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கடைக்கு வந்ததும் முதலில் நான் சொல்ல வேண்டும். பிறகுதான் அவள் சொல்வாள். அவள் முகத்தைப் பார்த்து அதற்குத் தோதாக நான் ஏதாவது சொல்லிவிட்டால் போச்சு, உடனே கண்டுபிடித்துவிடுவாள். "ஒனக்கு எப்டி இருந்துச்சோ அத சொல்லுடி. எனக்கு எப்டி இருந்துச்சின்னு எனக்கே தெரியும்" என்பாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு விஷயத்தைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பேய்ப் படம் வந்தது. இரண்டு பேரும் ஆசை ஆசையாகப் போனோம். பாழுங்கிணற்றிலிருந்து பேய் மேலே ஏறி வரும் கட்டம். சுவரைப் பிடித்துப் பிடித்து, தலைமுடியை முன்னால் விட்டுக்கொண்டு, மெதுவாக ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. சித்தி பையை எடுத்துத் தோளில் மாட்டி, "வா போலாம். இது ஏறி முடிக்கறதுக்குள்ள நாம பஸ்ஸ புடிச்சி வீட்டுக்கே போயிரலாம்" என்று எழுந்துவிட்டாள். ஜூஸ் கடையில் எங்கள் இருவருக்கும் அன்று கருத்து வேறுபாடே இல்லை. டிவியில் போட்டாலும் சேனலை மாற்றிவிட வேண்டிய படம்.

அடுத்த வாரம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை டிகிரி முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்து சொந்த நிலத்தில் கரும்பு வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தும் விழுப்புரத்துக்குப் பஸ் உண்டு, வேலையை விட வேண்டியதில்லை என்று அவர்களே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாத்தாவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனசு நிறைந்துவிட்டது. காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் பேசும்போது வழக்கப்படி துணைக்கு ஒரு பிள்ளை உள்ளே இருக்கும், அது நான்தான். "ஒங்க சித்தி சினிமாப் பேச்ச எடுத்தான்னு வச்சிக்க, ஜல்தியா ஓடியாந்து எங்கிட்ட சொல்லிடணும், ஆமா" என்றார். வீட்டின் மானமே என் கையில் இருப்பதுபோல் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றுதான். அதில் வேர்க்கடலை மூட்டைகள், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மூட்டைகள், அடுக்கியிருந்தன. அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனபிறகு இருவரையும் உள்ளே அனுப்பினார்கள். நான் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து மூட்டையில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் விரலை விட்டு ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்துத் தின்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கடைசியா இன்னா படம் பாத்தீங்க?" என்று கேட்டார்.

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். சித்தி எடுத்தால்தானே சொல்ல வேண்டும், இவர் அல்லவா எடுத்திருக்கிறார்! தாத்தாவின் உத்தரவில் அதற்கு இடமே இல்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை.

சித்தி அந்தப் பேய்ப் படத்தைச் சொன்னாள். அவரும் பார்த்திருந்தார். நீங்களே முதலில் சொல்லுங்கள், எப்படி இருந்தது என்று சித்தி கேட்டாள். "பேய் வர்ற வரைக்கும் பயமா இருந்துச்சுங்க. வந்ததுக்கப்புறம் பயம் போயிருச்சு" என்றார் அவர். எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போனது. சித்தி இப்போது ஜூஸ் கடையில் சொன்னதை எல்லாம் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு ரொம்பப் புடிச்சிது" என்றாள் சித்தி.

நான் மூட்டையிலிருந்து விழாத குறைதான். அவர் விடவில்லை. எந்த இடம் பிடித்தது என்று கேட்டார். பேய் கிணற்றிலிருந்து ஏறி வருகிற இடம் என்று சித்தி கண்ணை இமைக்காமல் சொன்னாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கெணத்துல படிக்கட்டு இருக்குதுங்க. நல்லா பாருங்க, இந்தப் பக்கம் ஓரமா எறங்குது. ஆட்டுக்குட்டிகூட ஏறி வந்துரும். அது எதுக்குங்க செவுத்தப் புடிச்சிக்கினு தொங்குது?"

"பேய் எதுக்குப் படிக்கட்டுல வரணும்?"

"இருக்கறப்ப ஏங்க வரக்கூடாது? செத்துப்போனா புத்தியும் போயிருமா?"

சித்தி குரலை உயர்த்தினாள். அவரும் உயர்த்தினார். உங்களுக்கு ரசனையே இல்லை என்றாள் சித்தி. ரசனை இருக்கட்டும், படிக்கட்டு இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார் அவர். கூடத்தில் பேச்சு நின்றுபோனது கதவுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. தாத்தா என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

வெளியே போனேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே என்ன சத்தம் என்று தாத்தா கேட்டார். பொய் சொல்லக் கூடாது, சித்தியையும் மாட்டிவிடக் கூடாது. ஆகவே சினிமா என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே சொன்னேன்.

"கெணத்துல படிக்கட்டு இருக்குதா இல்லியான்னு பேசிக்கினு இருக்காங்க தாத்தா."

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கெணத்தப் பத்தியா பொண்ணு கேக்குது?" என்றார். தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், போகிற இடத்தின் விவரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண்தான் என்று சமாளித்தார். அவ்வளவுதான், அந்த மனிதருக்குப் பிடிபடாத சந்தோஷம். "அடி மட்டம் வரைக்கும் கருங்கல் படிக்கட்டுங்க. எங்கப்பா இருந்து கட்டுனது. இன்னிக்கி வரைக்கும் ஒரு கல்லு அசஞ்சதில்ல. பொண்ண வந்து எறங்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா அதற்கும் மேல். "வர்ற பொண்ணுங்க டிவி கேக்கும், பிரிட்ஜு கேக்கும். இது மொதல்லியே கெணத்தக் கேக்குதே, இதானே குடும்பத்துக்கு ஆவும்!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தாத்தா துண்டைச் சரிசெய்து கொண்டு, என் வளர்ப்பு அப்படி என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் ஒருத்தி மட்டும் பிரமித்துப்போய் நின்றேன். இவர்கள் வீட்டுக் கிணற்றில்தான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இருவரையும் கூட்டிவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீயும் பாத்த இல்ல? நீ சொல்லு பாப்பா, ஒனக்கு எப்டி இருந்துச்சு?"

என் அபிப்பிராயத்தைக் கேட்ட இரண்டாவது ஆள்! அதற்குப்பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. "மொக்க. அந்தப் பேய் ஏற ஆரமிச்சதுமே சித்தி என்னக் கூட்டிக்கினு எழுந்து வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன்.

சித்தி என்னை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே கலைந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார். நான்தான் நன்றாயிருக்கிறது என்று சொன்னேனே, நீங்களும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று சித்தி கேட்டாள்.

"சொல்லியிருக்கலாங்க. அப்பறம் ஆயுசு முழுக்க அந்த மாதிரி படத்துக்கே கூட்டிக்கினு போவீங்களே!"

அன்று சாயங்காலம் சம்மதமா என்று அம்மா கேட்டபோது சித்தி உடனே தலையாட்டினாள். என்ன பிடித்தது என்று அம்மா கேட்டாள். "நான் சொன்னத அவரு ஒத்துக்கவே இல்லக்கா" என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேசரிப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்து இருவரும் மறுவீட்டுக்கு வந்தார்கள். புது ஜோடியை சினிமாவுக்கு அனுப்புவதும் கூடவே ஒரு பிள்ளையை அனுப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லவே வேண்டாம், நான்தான் போனேன். முதலில் இரண்டு பேருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் சித்தப்பா பெரிய பாக்கெட்டாகப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து, ஓரத்து சீட்டில் காற்று நன்றாக வருகிறது என்று என்னை அங்கே மாற்றி உட்கார வைத்தார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். படம் மட்டும் சகிக்கவில்லை. கதாநாயகனின் தங்கையை நடுவில் கொன்றுவிட்டார்கள். அதன்பிறகு முடிகிறவரை அழுகைதான். சித்தி எப்போது பையை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பாள் என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் படம் எப்படி என்று தாத்தாவே கேட்டார். மாப்பிள்ளை வந்த பிறகு அவரும் சினிமா பேச ஆரம்பித்திருந்தார். சித்தி, "நல்லாருந்துச்சிப்பா" என்றாள். சித்தப்பா, "ரொம்ப நல்லாருந்துச்சு மாமா" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு பேருக்கும் எப்படி ஒரே அபிப்பிராயம் வரும்? அதுவும் அந்தப் படத்தைப் பற்றி!

"அந்தத் தங்கச்சி செத்தது நல்லாருந்துச்சா சித்தி?" என்று கேட்டேன்.

"யாரு செத்தா?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். தாத்தா அவசரமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சித்தியை நல்ல இடத்தில்தான் கொடுத்தோமா என்ற கவலை அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு மட்டும்தான் இருந்தது.